சின்ன விமானத்துல ஆக்ஸிஜன்: சாதா பாட்டிலா, பல்ஸ் டிமாண்டா, பில்ட்-இன்னா, கான்சென்ட்ரேட்டரா?

சின்ன விமானம் ஓட்டறவங்க பத்தாயிரம் அடியைத் தாண்டி போக ஆரம்பிச்சதும் கேக்கற கேள்வி இது: "ஆக்ஸிஜன் செட் ஒண்ணு வாங்கணும், எதை வாங்கறது?" கேட்டலாக் எடுத்துப் பாத்தா இன்னும் குழப்பம்தான், எல்லாத்துலயும் இவ்வளவு அடி வரைக்கும் போகலாம், இவ்வளவு நேரம் வரும்னு பெருசா போட்டிருப்பாங்க, அது ஒரு ஆளுக்கா நாலு ஆளுக்கா, காலியானா எங்க நிரப்பறது, ட்யூப் கழண்டா உங்களுக்குத் தெரியுமா, அதெல்லாம் அதுல இருக்காது. அதனால இருக்கிற ஆப்ஷன் எல்லாத்தையும் ஒரே தராசுல வச்சுப் பாக்கலாம். கேபின் பிரஷரைஸ் பண்ணாத, அதாவது உள்ள காத்தழுத்தத்தை ஏத்தி வைக்காத விமானம், எஞ்சின் இல்லாத கிளைடர், இதுங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பிரஷரைஸ் பண்ணினது பத்தி கடைசிக்கு முன்னாடி கொஞ்சம் சொல்றேன்.

## மேல போனா என்ன ஆகுது

மேல ஆக்ஸிஜன் சதவீதம் கம்மி ஆகுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, கடல் மட்டத்துலயும் 21 சதவீதம்தான், 18,000 அடியிலயும் 21தான். குறையறது காத்தோட அழுத்தம். கீழ 760 மில்லிமீட்டர் பாதரசம், 10,000 அடியில சுமார் 523, 18,000 அடியில ஏறக்குறைய சரிபாதி, 380. நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு ஆக்ஸிஜனைத் தள்றது அந்த அழுத்தம்தான், அது பாதியா போனா தள்ற வேகமும் போச்சு. விமானத்துல வைக்கிற எல்லா ஆக்ஸிஜன் செட்டும் செய்யற வேலை ஒண்ணுதான், நீங்க இழுக்கற மூச்சுல ஆக்ஸிஜன் பங்கை 21-லிருந்து ஏத்தி, குறைஞ்ச அழுத்தத்தை ஈடுகட்டறது. சுத்தமான 100 சதவீதம் குடுத்தா 34,000 அடி பக்கத்துல கூட தரையில இருக்கிற அளவு கிடைக்கும், 40,000 அடியில 10,000 அடியில சாதா காத்து சுவாசிக்கற அளவு, அதுக்கு மேல மாஸ்க்குக்குள்ள அழுத்தி ஊதணும். அந்த உயரம் நமக்கு வேண்டாம், நம்ம ஆட்டம் 25,000-க்குள்ள.

ஹைபாக்ஸியாவுல, அதாவது உடம்புக்கு ஆக்ஸிஜன் பத்தாம போறப்போ, மூச்சு முட்டும், நெஞ்சு அடைக்கும், அப்போ எடுத்து மாட்டிக்கலாம்னு யாராவது நினைச்சா அந்த நினைப்பை இங்கயே விட்டுடுங்க. பெரும்பாலும் மூச்சு முட்டாது, ஏன்னா மூச்சு முட்டற உணர்வு வர்றது முக்கியமா கார்பன் டையாக்ஸைடு சேர்றதால, அது இங்க வெளிய போய்க்கிட்டே இருக்கும். ஒரு மாதிரி ஜாலியா, எல்லாம் சரியா போயிட்டிருக்குன்னு தோணும், ரேடியோ ஃப்ரீக்வென்ஸி தப்பா போடுவீங்க, அது தப்புன்னும் தெரியாது. 1875 ஏப்ரல் 15-ம் தேதி பிரான்ஸ்ல ஜெனித்ங்கற பலூன்ல மூணு பேர் மேல போனாங்க, கையில ஆக்ஸிஜன் பை இருந்தது, ஆனா அதை எடுத்துப் பிடிக்கணும்னு நினைக்கறப்போ கை அசையல, ரெண்டு பேர் செத்துட்டாங்க, மூணாவது ஆள் டிசாண்டியே மட்டும் பிழைச்சார், அவருக்கும் காது போயிடுச்சு. ஆக்ஸிஜன் இல்லாம சாகல அவங்க, பக்கத்துல இருந்தும் நேரத்துக்குப் போட்டுக்காம செத்தாங்க. இந்தக் கட்டுரையில நான் எடை போடறது முழுக்க இந்தக் கோணத்துலதான், எந்த செட்டை நீங்க யோசிக்காம, சீக்கிரமே, தயக்கமில்லாம மூக்குல மாட்டிக்குவீங்க?

சுயநினைவோட உருப்படியா வேலை செய்யக் கிடைக்கிற நேரம் பொதுவா சொல்ற கணக்குல 18,000 அடியில 20-லிருந்து 30 நிமிஷம், 25,000 அடியில 3-லிருந்து 5 நிமிஷம், 30,000-ல ஒண்ணு ரெண்டு நிமிஷம். 12,000 அடியில அப்படிப் பட்டுனு கண் இருட்டாது, அங்க மெதுவா மூளை மழுங்கும், ரெண்டு மணி நேரம் கழிச்சு தலைவலியோட லேண்டிங் அப்ரோச்சுக்கு வரும்போதுதான் அது வேலையைக் காட்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ விதிப்படி கேபின் உயரம் (கேபினுக்குள்ள இருக்கிற காத்தழுத்தம் எந்த உயரத்துக்குச் சமமோ அது) 12,500 அடியைத் தாண்டி 14,000 வரைக்கும் இருந்தா, 30 நிமிஷத்துக்கு மேல போற நேரத்துக்கு பைலட் ஆக்ஸிஜன் எடுக்கணும், 14,000-க்கு மேல முழு நேரமும், 15,000-க்கு மேல பயணிங்க எல்லாருக்கும் கொடுக்கணும். ஆனா அதே எஃப்ஏஏ அறிவுரையா சொல்றது பகல்ல 10,000, ராத்திரியில 5,000 அடிக்கு மேலயே எடுத்துக்கோங்கன்னு, ஏன்னா இருட்டுல பாக்கற கண் செல்லுங்க ஆக்ஸிஜன் குறைஞ்சா முதல்ல மக்கர் பண்ணும். ஐரோப்பாவுல தனியார் பறத்தலுக்கு பைலட்டே தீர்மானிக்கணும், தீர்மானிக்க முடியலன்னா 10,000-க்கு மேல 30 நிமிஷம் தாண்டினா, 13,000-க்கு மேல எப்பவும். என்னைக் கேட்டா சட்டத்தோட எண்ணை வச்சு செட் வாங்காதீங்க, அறிவுரை எண்ணை வச்சு வாங்குங்க. புகை பிடிக்கிறவங்க, ரத்த சோகை இருக்கிறவங்களுக்கு இன்னும் கீழயே தேவைப்படும்.

## எதை வச்சு எடை போடறது

உயரம், ஆள் எண்ணிக்கை, நேரம். இந்த மூணும் சேர்ந்ததுதான் எத்தனை லிட்டர் வேணும்ங்கறது. பழைய கட்டைவிரல் கணக்கு ஒண்ணு இருக்கு, 10,000 அடிக்கு ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு ஒரு லிட்டர். 12,000-னா 1.2, 15,000-னா 1.5.

ரீஃபில். வாங்கற நாள்ல யாரும் இதைக் கேக்கறதில்ல, ஆனா ஆறு மாசம் கழிச்சு பாட்டில் உங்க ஹேங்கர் மூலையில தூங்குதா விமானத்துல இருக்கான்னு தீர்மானிக்கிறது இதுதான். நிரப்பறது கஷ்டம்னா மனுஷன் மிச்சம் பிடிப்பான், மிச்சம் பிடிக்கிறவன் 11,000-ல "இப்போ வேணாம், அப்புறம் போட்டுக்கலாம்"பான்.

கோளாறு வந்தா தெரியுமா. ட்யூப் மடங்கிப் போச்சு, பாட்டில் வால்வு திறக்கல, கேனுலா (மூக்குல சொருகற மெல்லிய ட்யூப்) மூக்குலேருந்து நழுவிடுச்சு, இதை செட்டே சொல்லுமா இல்ல நீங்கதான் கவனிக்கணுமா.

அப்புறம் மறைமுக செலவு, டெஸ்ட், எடை, பேப்பர் வேலை. கடைசியா மாட்டிக்கிட்டா எவ்வளவு தொந்தரவுங்கறது.

## சின்ன கேன் ஆக்ஸிஜன்

விளையாட்டுக் கடையில ஸ்ப்ரே மாதிரி விக்கறாங்களே, அது. இதைச் சீக்கிரம் முடிச்சுடலாம். பெரிய கேன்லயே 10 லிட்டர் வாயு அளவுதான், மேல சொன்ன கணக்குல ஒரு ஆளுக்கு 10,000 அடியில பத்து நிமிஷம், அதுவும் ஒரு துளி வீணாகாம இழுத்தா, ஒரு கையால கேனைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால விமானம் ஓட்டணும். வேண்டாம்.

## தூக்கிட்டு போற பாட்டில், தொடர் ஓட்டம்

எல்லாருக்கும் தெரிஞ்ச செட் இதுதான். ஒரு சிலிண்டர், மேல அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர், அதுலேருந்து ஒண்ணு ரெண்டு இல்ல நாலு ட்யூப், ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு ஓடுதுன்னு காட்டற சின்ன ஃப்ளோ மீட்டர், முனையில கேனுலா இல்ல மாஸ்க். வால்வைத் திறந்தா நீங்க மூச்சு இழுத்தாலும் விட்டாலும் ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டே இருக்கும். அதுலதான் இதோட பலமும் இருக்கு பலவீனமும் இருக்கு. பேட்டரி கிடையாது, சென்சார் கிடையாது, கெட்டுப் போக பெருசா எதுவும் கிடையாது. ஆனா ஒரு மூச்சுச் சுத்துல இழுக்கற நேரம் மூணுல ஒரு பங்குதான், மீதி நேரம் ஓடறது எல்லாம் கேபினுக்குள்ள போகுது.

கணக்கு போட்டுப் பாருங்க. டி சைஸ்னு சொல்ற சிலிண்டர் நிறைஞ்சா சுமார் 425 லிட்டர். ஒருத்தர் 12,000 அடியில போனா 1.2 லிட்டர் வீதம் கிட்டத்தட்ட 6 மணி நேரம், நல்லா இருக்கு. ரெண்டு பேர் 14,000-ல போனா ரெண்டரை மணி நேரம். குடும்பத்தோட நாலு பேர் 15,000-ல மலைத்தொடர் தாண்டப் போனா நிமிஷத்துக்கு 6 லிட்டர், எழுபது நிமிஷத்துல காலி. போறதுக்கே பத்துமா பத்தாதான்னு யோசிக்கணும், திரும்பி வர்றது அப்புறம். பாட்டில் ஒண்ணுதான், கேட்டலாக்ல போட்ட "6 மணி நேரம்"ம் பொய் இல்ல, ஆனா அது உங்க ஃப்ளைட் இல்ல.

இதுக்கு மலிவான ஒரு மருந்து இருக்கு, ரிசர்வாயர் வச்ச கேனுலா. மூக்குக்குக் கீழ மீசை மாதிரி ஒரு சின்ன பை தொங்கும், மூச்சு விடும்போது வர்ற ஆக்ஸிஜனை அது பிடிச்சு வச்சு அடுத்த இழுப்புல குடுக்கும், செலவு ஏறக்குறைய பாதியா குறையும். பாக்க நல்லா இருக்காது, கொஞ்சம் கனம் தெரியும், அதைத் தவிர குறை இல்ல. ஆனா ஒண்ணு, நிறைய ஃப்ளோ மீட்டர்ல ரெண்டு ஸ்கேல் போட்டிருக்கும், ஒண்ணு சாதா கேனுலாவுக்கு, இன்னொண்ணு ரிசர்வாயர் கேனுலாவுக்கு. சாதா கேனுலாவை மாட்டிட்டு மத்த ஸ்கேலைப் பாத்து வச்சீங்கன்னா உங்களுக்குக் கிடைக்கிறது பாதிதான், மீட்டர்ல பந்து சரியான உயரம்னு காட்டிக்கிட்டே நிக்கும். பந்து வச்ச மீட்டரை நேரா நிமித்திப் பிடிச்சுத்தான் படிக்கணும், சீட்டுப் பக்கத்துல சாய்ஞ்சு கிடக்கிறப்போ படிச்சா தப்பா காட்டும்.

கேனுலா எல்லாம் 18,000 அடி வரைக்கும்தான். அதுக்கு மேல வாயையும் மூக்கையும் மூடற மாஸ்க். மாஸ்க் போட்டா ரேடியோ பேசறது கஷ்டம், மைக் உள்ளயே வச்ச மாஸ்க் தனியா வாங்கணும், அதோட விலை தனி. தாடி வச்சிருக்கிறவங்களுக்கு மாஸ்க் முகத்தோட ஒட்டாது, ஓரத்துல கசியும். 18,000-க்குக் கீழயே பறந்தாலும் பைலட்டுக்கு ஒரு மாஸ்க் பையில இருக்கணும், ஏன்னா ஜலதோஷத்துல மூக்கு அடைச்சுக்கிட்டா கேனுலாவால ஒரு பிரயோஜனமும் இல்ல.

மறைமுக செலவுன்னா, ஒண்ணு ரீஃபில், அதைத் தனியா கீழ சொல்றேன். ரெண்டு, ஹைட்ரோஸ்டேட்டிக் டெஸ்ட், அதாவது தண்ணியை அழுத்தி நிரப்பி சிலிண்டர் தாங்குதான்னு பாக்கறது, சாதா ஸ்டீல், அலுமினிய சிலிண்டருக்கு அமெரிக்க தரத்துல பொதுவா 5 வருஷத்துக்கு ஒரு தடவை, தேதி தாண்டிட்டா நிரப்பற இடத்துல தொட மாட்டாங்க. மூணு, பாட்டிலைக் கட்டி வைக்கிறது. பின் சீட்டுல சும்மா உருட்டி விட்டுட்டு டர்புலன்ஸ்ல போகக் கூடாது, முன் சீட்டுக்குப் பின்னாடி மாட்டற பை ஒண்ணு வேணும், வால்வும் கேஜும் பைலட் கைக்கும் கண்ணுக்கும் எட்டணும். கேஜ் பின்னாடி இருந்தா அதைத் திரும்பிப் பாக்கற பழக்கம் நாலாவது ஃப்ளைட்ல போயிடும்.

வருஷத்துல எப்பவாவது உயரம் போறவங்க, ஒண்ணு ரெண்டு பேர், 14,000-க்குள்ள, அப்படின்னா இதுவே போதும். சின்னக் குழந்தைங்களோட போறவங்களுக்கும் இதுதான், ஏன்னு அடுத்ததுல வரும்.

## அதே பாட்டில், பல்ஸ் டிமாண்ட்

இங்க சிலிண்டருக்கும் கேனுலாவுக்கும் நடுவுல ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. நீங்க மூச்சு இழுக்கத் தொடங்கின நொடியில கேனுலாவுல அழுத்தம் லேசா குறையும், சென்சார் அதைப் பிடிச்சு வால்வைத் திறந்து ஒரு பஃப் விடும், மூடிடும். அந்த முதல் பகுதிக் காத்துதான் நுரையீரலோட ஆழத்துக்குப் போகும், கடைசியா இழுக்கறது தொண்டையிலயே நின்னு திரும்பி வெளிய வந்துடும், அதனால ஆரம்பத்துல குடுத்தா கொஞ்சமா குடுத்தாலே போதும். பெட்டிக்குள்ளயே உயரம் அளக்கிற சென்சார் இருக்கு, மேல போகப் போக பஃப் அளவை அதுவே ஏத்திக்கும். தொடர் ஓட்டத்தை விட பாட்டில் மூணு நாலு மடங்கு நேரம் வரும்னு தயாரிக்கிறவங்க சொல்றாங்க. கிளைடர்காரங்க இதை ரொம்ப வருஷமா நம்பி ஓட்டறாங்க, அவங்களுக்கு எடையும் இடமும் உயிர் மாதிரி. மவுண்டன் ஹை கம்பெனியோட ஓ2டி2 ரெண்டு பேருக்கு ஒரே பெட்டி, அதுல ராத்திரி செட்டிங் போட்டா தரையிலேருந்தே குடுக்கும், பகல் செட்டிங்ல 5,000 இல்ல 10,000 அடி தாண்டினதும் தானாவே ஆரம்பிக்கும்.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு லிட்டர் மிச்சத்தை விட பெருசா படுது. கிளம்பும்போதே கேனுலாவை மாட்டிட்டு, வால்வைத் திறந்துட்டு, பெட்டியை ஆன் பண்ணிட்டா அப்புறம் மூளை முடிவெடுக்க வேண்டியது ஒண்ணுமில்ல. ஜெனித் பலூன்காரங்களுக்கு இல்லாம போனது இதுதான். இன்னொண்ணு, கொஞ்ச நேரம் மூச்சு உணரலன்னாலோ, பாட்டில்லேருந்து அழுத்தம் வரலன்னாலோ பெட்டி கத்தும், லைட் மின்னும். தொடர் ஓட்ட செட் கத்தாது, அதுல உங்க கண்ணுதான் அலாரம்.

இப்போ குறைகள். பேட்டரி வேணும், ஸ்பேர் பேட்டரியும் வேணும், குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும். வாயால மூச்சு விடறவங்க, விடாம பேசிக்கிட்டே இருக்கிற பயணிங்க, இவங்களோட இழுப்பை சென்சார் சில சமயம் பிடிக்காது. சின்னக் குழந்தைங்களோட மூச்சு மெல்லிசா வேகமா இருக்கும், அதுலயும் தவறலாம், அதான் குழந்தைங்களுக்கு தொடர் ஓட்டம்னு சொன்னேன். பெட்டியிலேருந்து மூக்கு வரைக்கும் ட்யூப் கம்பெனி குடுத்த நீளத்துலயே இருக்கணும், நீங்களா நீட்டினா சென்சாருக்கு சிக்னல் மழுங்கிடும். விலையும் பாட்டில் செட்டை விட நல்லாவே கூட, நாலு பேருக்கு ரெண்டு பெட்டி. பெட்டி செத்துட்டா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கணும், அதுக்கு தொடர் ஓட்டத்துக்கு மாத்தற ஒரு பைபாஸோ தனி ஃப்ளோ மீட்டரோ பையில போட்டு வைங்க. மாஸ்க்கோட சேத்து 18,000-க்கு மேலயும் ஓட்டலாம், அதுக்கு முக மாஸ்க் செட்டிங் தனியா இருக்கும், மறக்காம மாத்தணும்.

அடிக்கடி போறவங்க, ரீஃபில் பண்ற இடம் தூரமா இருக்கிறவங்க, ராத்திரி பறக்கறவங்க, இவங்களுக்கு கண்ணை மூடிட்டு இதைச் சொல்வேன்.

## விமானத்தோடயே வர்ற பில்ட்-இன் சிஸ்டம்

டர்போ எஞ்சின் விமானங்கள்ல இதைப் பாக்கலாம், 25,000 அடி வரைக்கும் போற சிரஸ் எஸ்ஆர்22டி மாதிரி. பெரிய சிலிண்டர் எங்கயோ பின்னாடி, பேனல்ல கேஜும் ஸ்விட்சும் இல்ல இழுக்கற நாபும், ஒவ்வொரு சீட் பக்கத்துலயும் ட்யூப் சொருகற ஓட்டை. வெளிய பாடியில ஒரு சின்ன பச்சை டிஸ்க் இருக்கும், சூட்டுல அழுத்தம் அளவு மீறினா அதைத் தள்ளிட்டு ஆக்ஸிஜன் வெளிய போயிடும், கிளம்பும் முன்னாடி அது இருக்கான்னு பாக்கணும்.

சௌகரியம்னா இதுதான். கேபின்ல பாட்டில் உருளாது, நாலு பேருக்கும் இடம் இருக்கு, லிட்டர் தாராளம். உயரம் போறதே வேலையா வச்சிருக்கிறவங்களுக்கு இதுக்கு மாற்று இல்ல.

ஆனா பாட்டிலை நிரப்ப நீங்க விமானத்தையே எடுத்துட்டுப் போகணும். அந்த ஏர்போர்ட்ல ஆக்ஸிஜன் சர்வீஸ் இல்லன்னா இன்னொரு ஏர்போர்ட்டுக்கு ஒரு தனி ஃப்ளைட், பெட்ரோல் செலவோட. வாங்கும்போது யாரும் இதைக் கணக்குல சேத்ததே கிடையாது. சிலிண்டரைக் கழட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பற வாரம் விமானம் ஆக்ஸிஜன் இல்லாம நிக்கும். எடை குறைக்கணும்னு போடற 3எச்டி வகை மெல்லிய ஸ்டீல் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒரு டெஸ்ட், 24 வருஷத்தோட ஆயுள் முடிஞ்சது, டெஸ்ட்ல பாஸ் ஆனாலும் குப்பைதான். பழைய விமானம் வாங்கறப்போ "ஃபேக்டரி ஆக்ஸிஜன் இருக்கு சார்"னு சொன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சிலிண்டர் மேல அடிச்ச தேதியைப் பாருங்க. இணைப்புகள்ல மெல்லக் கசியறதும் சகஜம், மாசம் ஒண்ணு விமானத்தைத் தொடாம விட்டா கேஜ் இறங்கியிருக்கும். நீங்க பறக்காத நாள்லயும் அந்த எடை கூடவே வரும், பாட்டில்னா கீழ இறக்கி வச்சுட்டுப் போகலாம்.

இல்லாத விமானத்துல புதுசா பில்ட்-இன் போடறது பத்தி கேக்கறாங்க. அங்கீகாரம், சென்டர் ஆஃப் கிராவிட்டி கணக்கு, பேப்பர் வேலை, வேண்டாம்ங்க, அந்தப் பணத்துல நல்ல பல்ஸ் செட் ரெண்டு வாங்கலாம். ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல கலப்பு வழி இருக்கு: அந்தச் சீட்டுப் பக்க ஓட்டையில அடாப்டரும் சின்ன ரெகுலேட்டரும் சொருகி அதுலேருந்து பல்ஸ் டிமாண்ட் பெட்டிக்கு ட்யூப் இழுக்கறது. பெரிய பாட்டில், சிக்கன செலவு, பெட்டி செத்தா பழைய மாஸ்க்கை அதே ஓட்டையில சொருகிக்கலாம், ரீஃபில் ஃப்ளைட் வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் ஆகும்.

## போர்ட்டபிள் கான்சென்ட்ரேட்டர்

இப்போ எல்லாரும் கேக்கறது இதைத்தான். பாட்டிலே வேண்டாம், கேபின் காத்தையே இழுத்து, ஜியோலைட்ங்கற கனிமம் நிரப்பின டப்பாவுல அழுத்தி, நைட்ரஜனை அதுல ஒட்ட வச்சுட்டு மீதியை உங்களுக்குக் குடுக்கும். காத்துல கொஞ்சமா இருக்கிற ஆர்கான் வாயு அதுல ஒட்டாது, அதான் எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் 95, 96 சதவீதத்துக்கு மேல சுத்தம் வராது, நம்ம உயரத்துக்கு அது ஒரு குறையே இல்ல.

குறை வேற இடத்துல. அது இழுக்கற காத்தே மெலிஞ்ச காத்து. மேல போகப் போக ஒவ்வொரு இழுப்புலயும் அதுக்குள்ள போற ஆக்ஸிஜன் கம்மி, உங்களுக்கு எப்போ அதிகமா வேணுமோ அப்போ அதால குறைவாத்தான் தயாரிக்க முடியும். பாட்டில்ல இது தலைகீழ், அதுல இருக்கிறது இருக்கிறதுதான். மெடிக்கல் மாடல்கள் நிறைய மேனுவல்லயே 10,000 அடி வரைக்கும்னு போட்டிருக்கும், அதுக்கு மேல ஓடலாம், ஓடாம அலாரம் அடிக்கலாம், ஓடியும் சுத்தம் குறையலாம். தூக்கிட்டு போற சைஸ்ல நிமிஷத்துக்கு ஒரு லிட்டரைச் சுத்தித்தான் தயாரிக்கும், அதுவும் பஃப் பஃப்பா, அதாவது ஒரு மெஷின் ஒரு ஆளுக்கு. ரெண்டு பேருக்கு ரெண்டு மெஷின், ரெண்டு சார்ஜர், பேட்டரி வயசானா மாத்தற செலவு, சில வருஷத்துக்கு ஒரு தடவை ஜியோலைட் டப்பா மாத்தற செலவு. விதி ஆக்ஸிஜன் எடுத்தே ஆகணும்னு சொல்ற உயரத்துல இதை ஏத்துக்குவாங்களான்னு உங்க நாட்டு விமானத் துறைகிட்ட கேட்டுக்கோங்க.

ஆனாலும் இதை ஒதுக்க மனசு வரல. 8,000-லிருந்து 10,000 அடிக்குள்ள நீண்ட நேரம் போறவங்க, ராத்திரி பறக்கறவங்க, ஐம்பது அறுபது வயசைத் தாண்டினவங்க, சட்டம் கேக்காத ஆனா உடம்பு கேக்கற அந்த உயரத்துல பாட்டிலைத் திறக்க கஞ்சத்தனம் வரும். இதுல காலியாகறதுன்னு ஒண்ணு இல்ல, அதனால தரையிலேயே போட்டுடுவீங்க. அந்த ஒரு வேலைக்கு இது பாட்டிலை விட நல்லது. 14,000-க்கு மேல போறதுக்கு இதை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | தொடர் ஓட்ட பாட்டில் | பல்ஸ் டிமாண்ட் | பில்ட்-இன் | கான்சென்ட்ரேட்டர் |
|---|---|---|---|---|
| உயரம் | கேனுலா 18,000, மாஸ்க் 25,000 | அதேதான் | அதேதான் | பல மாடல் 10,000 |
| ஆள் | 1-4, ஆனா சீக்கிரம் காலி | பெட்டிக்கு 1-2 | எல்லா சீட்டும் | மெஷினுக்கு 1 |
| ரீஃபில் | பாட்டிலைத் தூக்கிட்டுப் போகலாம் | அதேதான், ஆனா அபூர்வமா | விமானமே போகணும் | தேவையில்ல |
| கோளாறு தெரியுமா | நீங்கதான் பாக்கணும் | அலாரம் | பெரும்பாலும் நீங்கதான் | அலாரம் |
| முதல் செலவு | கம்மி | நடுத்தரம் | ரொம்ப அதிகம் | நடுத்தரம், ஆளுக்கு ஒண்ணு |
| அடிக்கடி வர்ற செலவு | ரீஃபில், டெஸ்ட் | டெஸ்ட், பேட்டரி | டெஸ்ட், கசிவு, எடை | பேட்டரி, ஜியோலைட் டப்பா |

## ரீஃபில் பத்தி

ஏவியேஷன் ஆக்ஸிஜன், மெடிக்கல் ஆக்ஸிஜன், வெல்டிங் ஆக்ஸிஜன், மூணும் பொதுவா திரவ ஆக்ஸிஜன்லேருந்துதான் வருது. ஏவியேஷனுக்கு 99.5 சதவீத சுத்தமும் ஈரம் கிட்டத்தட்ட இல்லாம இருக்கணும்ங்கற கண்டிப்பும் உண்டு, ஏன்னா மேல குளிர்ல ஈரம் உறைஞ்சு ரெகுலேட்டரை அடைச்சுடக் கூடாது. வித்தியாசம் வாயுவுல இருக்கிறதை விட சிலிண்டர் கையாள்றதுலயும் பரிசோதனை பேப்பர்லயும்தான் இருக்கு. அதுக்காக வெல்டிங் கடைக்குப் போய் நிரப்பிக்கோங்கன்னு நான் சொல்லல, அந்த சிலிண்டர்ல முன்னாடி என்ன போச்சு, யார் எண்ணெய்க் கையோட தொட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

சிலர் பெரிய சிலிண்டர் வாடகைக்கு எடுத்து ஹேங்கர்லயே சின்னதுக்கு மாத்திக்கறாங்க. ரெண்டு குடத்தை அடியில ட்யூப் போட்டு இணைச்ச மாதிரிதான் அது, ரெண்டுலயும் மட்டம் சமமானா ஓட்டம் நின்னுடும். பெரிய சிலிண்டர் பாதி காலியானப்புறம் உங்க பாட்டிலும் பாதிதான் நிரம்பும். அதனால ரெண்டு மூணு பெரிய சிலிண்டர் வச்சு, அழுத்தம் கம்மியா இருக்கிறதுலேருந்து தொடங்கி நிறைஞ்சதுல முடிப்பாங்க. மெதுவா நிரப்பணும், வேகமா விட்டா சூடாகும், சூட்டுல 2,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) காட்டற கேஜ் ஆறினப்புறம் இறங்கிடும். சூடு வெறும் கணக்குப் பிரச்சனை மட்டும் இல்ல, உயர் அழுத்த ஆக்ஸிஜன் பட்டுனு பாயற இடத்துல துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தா தீப்பிடிக்கும். வால்வை எப்பவும் மெதுவா திறங்கன்னு சொல்றதும் இதனாலதான். உதட்டுக்குப் போடற வேசலின் மாதிரி பெட்ரோலியம் சமாச்சாரம் வேண்டாம், மூக்கு காஞ்சா தண்ணி அடிப்படையில செஞ்ச ஜெல் போடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடியே வால்வு வகையைக் கேளுங்க. அமெரிக்க தரத்துல சின்ன மெடிக்கல் சிலிண்டருக்கு சிஜிஏ 870, பெரிய சிலிண்டருக்கும் நிறைய ஏவியேஷன் பாட்டிலுக்கும் சிஜிஏ 540. உங்க பக்கத்துல நிரப்பற இடத்துல எதுக்கு கனெக்டர் இருக்குன்னு முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் பாட்டிலைத் தேர்ந்தெடுங்க, ஊர்ல எல்லாரும் பண்றது இதுக்கு நேர்மாறு.

## எதை வாங்கினாலும் கூடவே

விரல்ல மாட்டற பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு காட்டும். 90-க்குக் கீழ போகவே விடாதீங்க, அதுக்கு நல்லா மேலயே ஏதாவது பண்ணுங்க. ஆனா அதை நம்பறதுக்கு எல்லை இருக்கு: குளிர்ந்த விரல், நெயில் பாலிஷ் இருந்தா தப்பா காட்டும், உடம்புல குறையறதை விட கொஞ்சம் தாமதமாத்தான் காட்டும், முக்கியமா கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்துல ஏறினா அதையும் ஆக்ஸிஜன்னு நினைச்சு 98னு அழகா காட்டும். பிஸ்டன் எஞ்சின் விமானங்கள்ல எக்ஸாஸ்ட்டைச் சுத்தி வர்ற சூட்டுக் காத்துலதான் கேபின் ஹீட்டர் ஓடுது, அங்க விரிசல் விட்டா கதை முடிஞ்சது. கார்பன் மோனாக்ஸைடு டிடெக்டர் தனியா வைங்க.

பின் சீட்டுல பயணி தூங்கினா எழுப்பி விரலைப் பாருங்க. தூக்கமா ஹைபாக்ஸியாவான்னு முகத்தைப் பாத்து சொல்ல முடியாது.

## பிரஷரைஸ் பண்ணின சின்ன விமானம்

இங்க ஆக்ஸிஜன் அவசரத்துக்கு மட்டும். சிலதுல பாட்டில், சிலதுல ரசாயன ஜெனரேட்டர், சோடியம் குளோரேட் எரிஞ்சு ஆக்ஸிஜன் தரும், இழுத்து விட்டா நிறுத்த முடியாது, கால் மணி நேரம் மாதிரி வரும், அதுக்குள்ள கீழ இறங்கிடணும். இதுல தேர்வு பண்றதுக்கு உங்களுக்கு எதுவும் இல்ல, ஆனா மாஸ்க் எட்டற தூரத்துல இருக்கா, ஒரு கையால மாட்ட முடியுதா, இதைத் தரையிலயே பழகிடணும். 2014 செப்டம்பர் 5-ம் தேதி அமெரிக்காவுல ராச்செஸ்டர்லேருந்து ஃப்ளோரிடாவுல இருக்கிற நேப்பிள்ஸுக்குக் கிளம்பின டிபிஎம் 900ங்கற சின்ன பிரஷரைஸ்டு விமானம், 28,000 அடியில போயிட்டிருந்தப்போ பைலட் ஒரு இண்டிகேஷன் சரியில்ல, கீழ இறங்கணும்னு கேட்டார். முதல்ல 25,000-க்கு அனுமதி குடுத்தாங்க, இறங்கினார். அப்புறம் 20,000-க்கு இறங்கச் சொன்னதுக்கு பதில் வந்தது, விமானம் இறங்கல, ஆட்டோபைலட்ல கியூபாவைத் தாண்டிப் போய் ஜமைக்கா கிட்ட கடல்ல விழுந்தது. பேனல்ல விளக்கு வந்ததும் காரணம் தேடறதுக்கு முன்னாடி மாஸ்க்.

## செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா

சிலிண்டர் வாங்கலாம், மேல அடிச்ச கடைசி டெஸ்ட் மாசமும் வருஷமும் படிக்க முடியணும், கார்பன் ஃபைபர் சுத்தினதுன்னா ஆயுள் பொதுவா 15 வருஷம்தான், அதுல எத்தனை மிச்சம்னு பாருங்க. முழுக்க பூஜ்யம் காட்டற, வால்வு திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம், உள்ள ஈரம் போயிருக்கும், அதைச் சுத்தம் பண்ணி நிரப்பற செலவு சேத்தா புதுசோட விலை பக்கம் வந்துடும். ரெகுலேட்டரை சர்வீஸுக்கு அனுப்பிட்டு மாட்டுங்க. கேனுலா, மாஸ்க், ட்யூப் எல்லாம் புதுசா வாங்கிடுங்க, பழைய ட்யூப் குளிர்ல விறைச்சு இணைப்புல கசியும், இன்னொருத்தர் மூக்குல இருந்தது நமக்கு எதுக்கு.